வேங்கை எக்ஸ்பிரஸுக்கு முன்னால்

துணியை எடுக்காமலேயே விழா முடிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். வரவேண்டிய அதிகாரி வராமல் போகலாம், மைக் கெட்டுப் போகலாம், மழை பிடிக்கலாம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பந்தலுக்கு அடியில் மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலியாகப் பார்த்து, எழுந்து போவதற்கு வசதியாக உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பச்சைத் துணி போர்த்திக்கொண்டு அது நிற்கிறது. வேங்கை எக்ஸ்பிரஸ். எஞ்சினும் அதன் பின்னால் இரண்டு பெட்டிகளும். துணிக்குள்ளேயும் அந்த மூக்கு தெரிகிறது, நீண்டு, கீழே சரிந்து, வேறு எந்த எஞ்சினுக்கும் இல்லாத மூக்கு. காற்று அடிக்கும்போது துணி உள்ளே போய் வெளியே வருகிறது, மூச்சு விடுகிற மாதிரி. இல்லை, அப்படி நினைக்கக் கூடாது. இரும்பு. எண்ணெயை வடித்து, பாட்டரியைக் கழற்றி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து நிறுத்திய இரும்பு. தயாளன்தான் சொன்னார், இனிமேல் அது ஒரு அடிகூட நகராது வல்லி, நகரவே முடியாது என்று. சொல்லும்போது அவர் குரல் கம்மியது. எனக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் மாத்திரை மாதிரி உள்ளே இறங்கியது. இப்போதும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், நகராது, நகராது, நகராது. பக்கத்து நாற்காலி அம்மாள் திரும்பிப் பார்க்கிறாள். வாய்விட்டுச் சொல்லிவிட்டேனா.

தயாளன் என் கணவர். மின்வாரியத்தில் பொறியாளர், ஆனால் யாராவது கேட்டால் ரயில் ரசிகன் என்றுதான் முதலில் சொல்வார். அதோ, மஞ்சள் பனியனில் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் கேமராவோடு, மேடைக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறார். அவருடைய சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் அதே பனியன். ஒரு காலத்தில் தெற்கில் இதைவிட வேகமாக எதுவும் ஓடியதில்லை என்பார். போன வருடம் புது மின்சார ரயில் வந்ததும் இதை நிறுத்தினார்கள். கடைசி ஓட்டத்தன்று இவர் சென்னை வரைக்கும் போய் அதில் ஏறி வந்தார். நீயும் வா வல்லி, இனிமேல் கிடைக்காது என்றார், தலைவலி என்று படுத்துக்கொண்டேன். பெட்டிகளைப் பழைய இரும்புக்காக ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தார்கள். எஞ்சினையும் வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று இவர் சாப்பிடவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன். சமயபுரத்துக்குப் போய் நின்று, வெட்டிவிடட்டும் தாயே, துண்டு துண்டாக்கி உருக்கிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இவர் ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சேர்த்தார், டெல்லி வரைக்கும் எழுதினார், பார்க்க வேண்டியவர்களையெல்லாம் பார்த்தார். காட்சிக்கு வைக்கச் சம்மதிக்க வைத்துக் காப்பாற்றியும்விட்டார். அந்தச் செய்தி வந்த சாயங்காலம் வீட்டுக்குள் வந்து என்னைத் தூக்கிவிட்டார், இந்த வயதில். சிரித்தேன். அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன், வேறு என்ன செய்ய. பெண் பார்க்க வந்த அன்றே அவர் இந்த ரயிலைப் பற்றித்தான் பேசினார். அரியலூரா நீங்கள், அப்படியானால் தினமும் வேங்கையைப் பார்த்திருப்பீர்களே என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றேன். பொய் இல்லை. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லாமல் இருந்தேன், சொல்லாத நாள் ஒவ்வொன்றும் அடுத்த நாளைப் பூட்டியது. எனக்கு ரயில் மேல் பொறாமை என்று அவர் சங்கத்தில் கேலியாகச் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். இருக்கட்டும், பொறாமை என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதிகாரி வந்துவிட்டார். சால்வை. பூங்கொத்து. இன்னொரு சால்வை, ஒரு கிழவருக்கு, பெயர் சவரிமுத்து என்று மைக்கில் சொல்கிறார்கள், வேங்கையை ஒன்பது வருடம் ஓட்டிய டிரைவராம். நிமிர்ந்து உட்காருகிறேன். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கோத்துக்கொண்டு நிற்கிறார். எந்த ஒன்பது வருடம். யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும், கேட்கக் கூடாது. இப்போது வேங்கையின் ஹாரன் மூன்று முறை ஒலிக்கும், அதோடு திரை விலகும் என்கிறார் அதிகாரி. எஞ்சினுக்கு உயிர் இல்லை, ஆனால் ஹாரனுக்கு மட்டும் வெளியிலிருந்து காற்றுக் குழாய் வைத்திருக்கிறார்களாம். எல்லோரும் கை தட்டுகிறார்கள். என் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருக்கிறது, பிளாஸ்டிக் வெட்டிவிடும் போல. ஹாரன் இருக்கும் என்று தயாளன் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பக்கத்து அம்மாளிடம் கேட்கிறேன், அவள் கையைக் காட்டுகிறாள், எஞ்சினைத் தாண்டித்தான் போக வேண்டும். உட்கார்ந்துவிட்டேன். காதைப் பொத்திக்கொள்ளலாம், குழந்தைகள் பொத்திக்கொண்டிருக்கின்றன, பெரியவள் பொத்தினால் என்ன. பொத்தினாலும் கேட்கும். அது காதில் கேட்கிற சத்தம் இல்லை. விலா எலும்பில் கேட்கும், பல்லில் கேட்கும், எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மதியம் நல்ல வெயில், இதே மாதிரி. புங்கங்குழி ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இருக்காது. எனக்கு இருபது வயது. ஆசிரியர் பயிற்சியில் இரண்டு பாடம் போய்விட்டது. அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார், சத்தம் போடுகிறவர் இல்லை, அடிக்கிறவர் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே, "நீ எதுக்குத்தான் இருக்கே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மோர் கேட்டார். நான்தான் ஊற்றினேன். இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை எத்தனை முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அது சின்னதாகிக்கொண்டே போகிறது. இன்றைக்கு யாராவது என்னிடம் அப்படிக் கேட்டால் திருப்பி நாலு கேள்வி கேட்பேன். வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு பாடத்தில் போனால் கூப்பிட்டு உட்கார வைத்து, இதுக்குப் போய் ஏண்டா அழறே என்று சொல்கிற டீச்சர் நான். சொன்னால் இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று கேட்பார்கள், அந்தக் கேள்விதான் பயம், ரயிலை விட, அப்பாவை விட. அது சின்னதாக இல்லை அன்றைக்கு. அன்றைக்கு அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவுமே இல்லை, அதை எப்படி ஒருவருக்குப் புரிய வைப்பது. தண்டவாளத்து நடுவில் நின்றேன். வளைவில் மஞ்சளாக ஒரு புள்ளி. பிறகு ஹாரன். விடாமல், ஒரே இழுப்பாக. நான் என்ன நினைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. அடுத்து ஞாபகம் வருவது முழங்கைக்கு அடியில் ஜல்லி, முகத்துக்கு நேரே சக்கரங்கள், மேலே ஜன்னல்கள் ஒரே கோடாகப் போயின. ஒரு கால் செருப்பைக் காணோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைத்தான் கேட்டாள், புதுச் செருப்பு, எங்கே தொலைத்தாய் என்று திட்டினாள். அந்தத் திட்டு எவ்வளவு நன்றாக இருந்தது. இடையில் நடந்ததுதான் ஞாபகத்தில் இல்லை. அந்த ஒரு நொடி. நான் விலகினேனா. அல்லது அது வந்த வேகத்தில் காற்று என்னை எறிந்ததா. விலகியிருந்தால் நான் வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டு விலகியவள். காற்று எறிந்திருந்தால், தப்பித்தது வெறும் தற்செயல், உள்ளே இருக்கிற அந்தப் பெண் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். சில நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுகூட இந்த யோசனை வந்து மாட்டிக்கொள்ளும். விலகினேனா, எறிந்ததா. குழாய் பாட்டுக்கு ஓடும், நான் நிற்பேன்.

துணி விலகிவிட்டது. ஹாரன் வரவில்லை. கேபினுக்குள் சவரிமுத்து கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறார், புஸ்ஸென்று காற்று மட்டும் வருகிறது, கூட்டம் சிரிக்கிறது. குழாயில் எங்கேயோ ஒழுகுகிறதாம், மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்க்கிறார். எனக்கு உடம்பு முழுக்க வியர்த்து ஒரே நொடியில் குளிர்ந்துவிட்டது. நல்லது, நல்லது, கெட்டுப்போனதே இருக்கட்டும். இப்போது நிமிர்ந்து பார்க்கலாம். பார்க்கிறேன். புது மஞ்சள் பெயிண்ட், கறுப்புப் பட்டை, துடைத்த கண்ணாடி, கல்யாணத்துக்குத் தயாரான மாதிரி நிற்கிறது. நான் நினைத்ததைவிட உயரம் குறைவு. இல்லை, அன்றைக்கு நான் கீழே நின்றிருந்தேன். இன்றைக்கும் கீழேதான் இருக்கிறேன். கூட்டம் கலைந்து ஆளாளுக்கு மூக்கைத் தொட்டுப் பார்க்கிறார்கள், ஒருவர் தட்டிக்கொடுக்கிறார். தயாளன் என்னை நோக்கி வருகிறார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் சிவந்திருக்கிறது, அழுதிருக்கிறார். "வல்லி, வா, சங்கத்துக் குடும்பமெல்லாம் சேர்ந்து ஒரு போட்டோ." எங்கே என்கிறேன். "அங்கதான், எஞ்சினுக்கு முன்னால, தண்டவாளத்துல." நான் வரவில்லைங்க, வெயில் என்கிறேன். "ஒரு நிமிஷம்தான். இதுவரைக்கும் ஒண்ணுத்துக்கும் நீ வரலை, நான் ஒண்ணும் சொல்லலை. இன்னிக்கு ஒருநாள், எனக்காக." அவர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். இந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இந்த மனிதருக்குத் தெரியாது. எழுந்துவிட்டேன்.

ஜல்லி. செருப்புக்கு அடியில் அதே சத்தம். தண்டவாளத்துக் குறுக்குக் கட்டைகளில் கட்டைக்குக் கட்டை எட்டு வைக்க வேண்டும், நடுவில் வைத்தால் கால் புரளும், என் கால்களுக்கு இது தெரிந்திருக்கிறது. இவர் என்னைச் சரியாக நடுவில் நிறுத்துகிறார், மூக்குக்கு நேராக, "நீதான் உயரம், பின்னால நில்லு" என்று. என் முதுகுக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில் அது. முதுகில் வெப்பம் படுகிறது. வெயிலில் காய்ந்த இரும்பு, எல்லா இரும்பும் வெயிலில் சுடும். நகராது. கட்டை வைத்திருக்கிறார்கள். முன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், கேமராக்காரர் இன்னும் நெருங்கி, இன்னும் நெருங்கி என்கிறார், யாரோ பின்னால் தள்ளுகிறார்கள், என் தோள்பட்டை பெயிண்டைத் தொடுகிறது. சிரிக்க வேண்டும். பல்லைக் காட்டுகிறேன். இவருடைய உள்ளங்கை என் கையில் ஈரமாக இருக்கிறது. அல்லது என்னுடையதா. எண்ணப் போகிறேன் என்கிறார் கேமராக்காரர். ஒன்று. அப்போதுதான் ஹாரன்.

புல்லில் கிடக்கிறேன். முழங்காலில் எரிகிறது. ஹாரன் நின்றுவிட்டது, காதுக்குள் நிற்கவில்லை. கூட்டம் சிரிக்கிறது, நல்ல சிரிப்புத்தான், டீச்சர் எப்படிப் பறந்தாங்க பாருங்க என்கிறது ஒரு குரல். தண்டவாளத்திலிருந்து இவ்வளவு தூரம் எப்படி வந்தேன். இடையில் ஒன்றும் இல்லை, அன்றைக்கு மாதிரியே. அதே வெற்றிடம். புல்லைப் பிடித்துக்கொண்டு எஞ்சினைப் பார்க்கிறேன். நின்ற இடத்திலேயே நிற்கிறது. கட்டைகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. பந்தலின் ஓரத்துத் தோரணம்கூட அசையவில்லை. காற்று இல்லை. எறிவதற்கு எதுவும் இல்லை. யாரும் தள்ளவில்லை, இவர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார், உதறிவிட்டு வந்திருக்கிறேன். நான்தான். நான்தான் விலகினேன். அப்படியென்றால் அன்றைக்கும். மூச்சு வாங்குகிறது. அப்படியென்றால் அன்றைக்கும் நான்தான். இவர் ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டு, அடிபட்டதா, என்ன வல்லி, என்ன ஆச்சு, ஏன் அழறே என்கிறார். அழுகிறேனா. ஒன்றுமில்லைங்க, பயந்துட்டேன், கொஞ்சம் தண்ணீர் என்கிறேன். அவர் தண்ணீருக்குப் போகிறார். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் எழுந்து, ஏன் என்று தெரியாமல், திரும்பவும் தண்டவாளத்துக்குள் போய் அதன் முன்னால் நிற்கிறேன். இந்த முறை அதைப் பார்த்தபடி.

கேபினிலிருந்து சவரிமுத்து இறங்கி வருகிறார், படியில் பக்கவாட்டாகக் காலை வைத்து. "மன்னிச்சுக்கோங்கம்மா," என்கிறார். "நான் அடிக்கலை. குழாயைச் சரி பண்ணினவர் சோதிச்சுப் பார்த்துட்டாரு. ஆள் முன்னால நிக்கும்போது எனக்குக் கை வராது."  பயந்தது நான் மட்டும் இல்லை. நிறைய பேர் நின்றிருக்கிறார்களா என்று கேட்கிறேன். அவர் சட்டென்று என் முகத்தைப் பார்க்கிறார். "ஒன்பது வருஷத்துல போனது நாலு பேரும்மா," என்கிறார், "முகம்கூடச் சொல்லுவேன்." விலகினவர்கள், என்கிறேன், என் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது, விலகினவர்கள் எத்தனை பேர். "அது எங்களுக்குத் தெரியாதும்மா. இந்த மூக்கு இருக்கே, ரொம்ப நீளம். கிட்ட வந்ததும் ஆள் இதுக்குக் கீழ மறைஞ்சிடுவாங்க. பிரேக்கைப் போட்டாலும் இது எங்க போய் நிக்கும். இடிக்கிற சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே இருப்போம். வரலைன்னா விலகிட்டாங்கன்னு நினைச்சுக்குவோம். அடுத்த ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போவோம். அப்புறம் யாரு வந்து எங்ககிட்ட சொல்றாங்க." அவர் மூக்கின் மேல் கையை வைக்கிறார். "செத்தவங்க கணக்குத்தான் எங்களுக்கு வரும். பொழைச்சவங்க யாருன்னு தெரியாமலே நாங்க ரிட்டயர் ஆயிடுறோம்."

இவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றுவிட்டார். எனக்குத் தெரிகிறது, பக்கத்தில்தான் நிற்கிறார், இப்போது சொன்னால் இவருக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வேண்டாம், வீட்டில் போய், சாயங்காலம், இன்னொரு நாள். இன்றைக்கு இவருடைய நாள். எத்தனை வருடம் ஆசைப்பட்ட நாள், அதை இந்த வார்த்தை கெடுத்துவிடும், இனிமேல் இந்த ரயிலை இவர் பழைய கண்ணால் பார்க்கவே முடியாது, அதைப் பறிக்க எனக்கு என்ன உரிமை. வாய் திறந்துகொண்டது.

"ஒருத்தி விலகிட்டா சார். புங்கங்குழி கேட்டுக்கு அந்தப் பக்கம், வளைவுல. இருபத்தி மூணு வருஷம் ஆச்சு. நான்தான்."

பாட்டிலின் மூடி கீழே விழுந்து ஜல்லிக்குள் போகிறது. இவரைப் பார்க்க முடியவில்லை. சவரிமுத்து கண்ணை இடுக்கி யோசிக்கிறார், யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் ஏதோ ஆசை வந்து, பிறகு போகிறது. "நான் அப்போ வேங்கைக்கு வரலையேம்மா," என்கிறார். "கருப்பண்ணன் அண்ணன்தான் ஓட்டிக்கிட்டிருந்தாரு. இல்லைன்னா ராயன். ராயன் போய்ச் சேர்ந்துட்டான். அண்ணன் ஈரோட்டுல மக வீட்டுல இருக்காரு." கொஞ்சம் தயங்குகிறார். "போன் போடட்டுமா?" நான் தலையை ஆட்டினேனா தெரியவில்லை, அவர் போனை எடுத்துவிட்டார். நான் இவர் பக்கம் திரும்புகிறேன். கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார். முகத்தில் ஒன்றுமே இல்லை. அடிபட்டவர்கள் வலி வருவதற்கு முன்னால் அப்படித்தான் இருப்பார்கள்.

"எதுக்கு வல்லி?" என்கிறார்.

"இப்ப அது எனக்கே சரியாத் தெரியலைங்க. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

"நான் அந்த ரயிலைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேன். தினமும்."

"நீங்க பேசினது தப்பில்லை."

 அவர் போகவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே வந்து, நான் நிற்கிற குறுக்குக் கட்டையிலேயே என் பக்கத்தில் நின்றுகொள்கிறார். சவரிமுத்து போனில் சத்தமாகப் பேசுகிறார், அந்தப் பக்கத்தில் காது கேட்பது குறைவு போல. அண்ணே, சவரி பேசுறேன், ஆமா, விழாதான், நல்லா நடந்துச்சு, அதில்லைண்ணே, இங்க ஒரு டீச்சரம்மா இருக்காங்க, வீட்டுக்காரரும் கூட. திரும்பத் திரும்பச் சொல்கிறார். புங்கங்குழி. வளைவு. பொண்ணு. பிறகு அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டுகிறார்.

போனில் முதலில் டிவி சத்தம், பிறகு யாரோ அதை அணைக்கிறார்கள். "அம்மா," என்கிறது ஒரு வயதான குரல். "மஞ்சத் தாவணி, கையில குடை. அதுங்களா நீங்க?"

நான் அன்றைக்குச் சுடிதார் போட்டிருந்தேன். என்னிடம் குடை இல்லை. ஆமாம் என்று சொல்லிவிடலாம், ஒரு கிழவருக்கு ஒரு வார்த்தை. "இல்லைங்க சார், குடை இல்லை, நீலச் சுடிதார்" என்கிறேன்.  அப்படியானால் இன்னொருத்தி இருந்திருக்கிறாள். மஞ்சள் தாவணியும் குடையுமாக, அவள் என்ன ஆனாள் என்று அந்தக் கிழவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"நீலம்," என்கிறார் மெதுவாக. "இருக்கலாம்மா. சரியா ஞாபகம் இல்லை. அந்த வளைவுல நிறைய ஹாரன் அடிச்சிருக்கேன்." இருமுகிறார். "சவரி சொன்னான், டீச்சரா இருக்கீங்களாமே. வீட்டுக்காரர் இருக்காராமே."

"இருக்கார் சார். பக்கத்துலதான் நிக்கிறார்."

"இப்ப எங்கம்மா நிக்கிறீங்க?"

"வேங்கைக்கு முன்னால. தண்டவாளத்துல."

"முதல்ல ஓரமா வாங்க."

அதட்டலாக வந்தது குரல், இவ்வளவு நேரம் பேசிய கிழவரின் குரலே இல்லை. "இது நகராதுங்க சார்," என்கிறேன், "சக்கரத்துக்குக் கட்டை வச்சிருக்காங்க."

"இருக்கட்டும். நீங்க ஓரமா வந்துட்டுப் பேசுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

காலைத் தூக்கித் தண்டவாளத்துக்கு வெளியே வைக்கிறேன். இன்னொரு காலையும். இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்குகிறார், அவர் விரல்கள் அழுந்துகின்றன, வலிக்கிறது, விடச் சொல்லவில்லை.

"வந்துட்டேன் சார்."

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

ஈரோட்டில் ஒருவர் மூச்சை இழுத்து மெல்ல விடுவது காதில் கேட்கிறது. "சரிம்மா," என்கிறார், "இப்பச் சொல்லுங்க."